ஓய்வு பெற்ற பிறகும் சம்பளக்காரருக்கான மெடிகேர் பிரீமியம்: ஒரு தம்பதியின் நிகழ்வு ஆய்வு

அமெரிக்காவில் கலிஃபோர்னியாவில் வசிக்கும் ஒரு தமிழ்த் தம்பதி மூத்தவர்களுக்கான அரசு மருத்துவக் காப்பீடான மெடிகேருக்காக மாதம் 1,301.60 டாலர் கட்டிக்கொண்டிருந்தார்கள். அது 757 டாலராகக் குறைந்தது. எடுத்திருந்த காப்பீட்டில் எதையும் அவர்கள் விட்டுக்கொடுக்கவில்லை. இது எப்படி நடந்தது என்பதை அவர்கள் சம்மதத்தோடு பதிவு செய்கிறேன். வருமானத் தொகைகளை மட்டும் முழு ஆயிரங்களாக்கியிருக்கிறேன். அரசு நிர்ணயித்த தொகைகள் அந்தந்த ஆண்டுக்கு உரியவை.

நான் காப்பீட்டு முகவர் இல்லை. நம் ஆட்களில் வயதானவர்களுக்கு மெடிகேர் கடிதங்களைப் படித்துச் சொல்வதும் படிவம் நிரப்ப உதவுவதும்தான் என் வேலை, ஊதியம் கிடையாது.

## பின்னணி

கணவருக்கு அப்போது 68 வயது, மனைவிக்கு 66. கணவர் மென்பொருள் நிறுவனத்தில் பொறியாளராக இருந்து 2024 ஜூன் கடைசியில் ஓய்வு பெற்றார். அதுவரை இருவருக்கும் நிறுவனத்தின் காப்பீடு இருந்ததால், 65 வயதில் பார்ட் பி (மெடிகேரில் மருத்துவர், வெளிநோயாளர் செலவுக்கான பகுதி) எடுக்காமல் தள்ளிப்போட்டிருந்தார்கள். வேலையில் இருக்கும்போது கிடைக்கும் காப்பீடு என்பதால் தாமத அபராதம் எதுவும் வரவில்லை. 2024 ஜூலை முதல் இருவரும் பார்ட் பி, தனித்தனி பார்ட் டி மருந்துத் திட்டம், மெடிகேர் கொடுக்காத மீதியைக் கட்டும் தனியார் துணைக் காப்பீடான மெடிகேப்பில் பிளான் ஜி என்று மூன்றையும் எடுத்தார்கள். மனைவி வெளியே வேலைக்குப் போனதில்லை. மருத்துவமனைச் செலவுக்கான பார்ட் ஏ அவருக்குக் கணவரின் வேலைக் கணக்கிலேயே பிரீமியம் இல்லாமல் கிடைத்தது.

மனைவிக்கு முடக்குவாதம். சில வாரங்களுக்கு ஒரு முறை கிளினிக்கில் உட்கார்ந்து மருந்து ஏற்றிக்கொள்ள வேண்டும். கணவருக்கு ரத்த அழுத்தத்துக்கும் கொலஸ்ட்ராலுக்கும் சாதாரண ஜெனரிக் மாத்திரைகள் மட்டும்.

கணவர் அரசு பென்ஷனான சோஷியல் செக்யூரிட்டியை 70 வயதில்தான் தொடங்குவதாக இருந்தார். அதனால் பார்ட் பி கட்டணம் பென்ஷனில் பிடிக்கப்படாமல், மாதாமாதம் பில்லாக வீட்டுக்கே வந்தது. ஒரு வகையில் இது நல்லதாகப் போயிற்று. பென்ஷனில் பிடித்திருந்தால் எவ்வளவு போகிறது என்று இவ்வளவு சீக்கிரம் கவனித்திருக்க மாட்டார்கள்.

## முதலில் கவனித்தது

2024 நவம்பர் கடைசியில், 2025க்கான பிரீமியத்தைச் சொல்லும் கடிதம் வந்தது. தலைக்கு பார்ட் பி 370 டாலர், அதோடு மருந்துத் திட்டத்துக்கான கூடுதல் தொகை 35.30 டாலர். கணவர் போன் செய்து, "சார், பக்கத்து வீட்டுக்காரர் 185 கட்டுறேன்னு சொல்றார். எங்களுக்கு மட்டும் ஏன் டபுள்?" என்றார்.

கேட்க வேண்டிய கேள்விதான். ஆனால் இதே போன்ற ஒரு கடிதம் ஆகஸ்டிலேயே வந்திருந்தது. மெடிகேரின் விலையே அவ்வளவுதான் என்று நினைத்து, ஒன்றும் சொல்லாமல் கட்டிவிட்டார்கள்.

குடும்பத்தில் அதற்குள் ஒரு முடிவு தயாராக இருந்தது. பிளான் ஜியை விட்டுவிட்டு, மாதப் பிரீமியமே இல்லாத ஒரு மெடிகேர் அட்வான்டேஜ் திட்டத்துக்கு (அரசு நேரடியாகத் தரும் மெடிகேருக்குப் பதிலாகத் தனியார் நிறுவனம் நடத்துவது) மாறிவிடலாம் என்றார் மகன். நண்பர்கள் சிலர் அப்படிச் செய்திருந்தார்கள், பல் மருத்துவமும் அதில் உண்டு என்று விளம்பரம் வேறு. டிசம்பர் 7ஆம் தேதியோடு மாறும் காலம் முடிகிறது, ஆகவே அவசரம். மனைவி சொன்னது ஒன்றுதான்: "மருந்து ஏத்துற டாக்டரை மட்டும் மாத்திடாதீங்க."

## பில்லைப் பிரித்துப் பார்த்தது

முதல் வேலையாக, 2025 ஜனவரி முதல் கட்ட வேண்டிய தொகையை யாருக்குப் போகிறது என்ற கணக்கில் பிரித்தோம்.

இருவருக்கும் சேர்த்து மெடிகேப் 401 டாலர். கணவருக்கு 212, மனைவிக்கு 189. பார்ட் டி திட்டங்களுக்கு 38ம் 52மாக 90 டாலர். இந்த 491 டாலர்தான் காப்பீட்டு நிறுவனங்களுக்குப் போவது. மீதி 810.60 டாலரும் அரசுக்கு. அதில் 370 டாலர் எல்லோரும் கட்டும் அடிப்படை பார்ட் பி கட்டணம், ஆளுக்கு 185. எஞ்சிய 440.60 டாலர், இவர்கள் வருமானம் அதிகம் என்பதற்காக விதிக்கப்பட்ட கூடுதல் தொகை. மெடிகேர் வட்டாரத்தில் இதை 'இர்மா' என்பார்கள். பார்ட் பிக்கு 2007 முதலும் பார்ட் டிக்கு 2011 முதலும் இது நடைமுறையில் இருக்கிறது.

இந்த ஒரு பிரிப்பிலேயே பாதி விஷயம் தெளிவாகிவிட்டது. மகன் சொன்னபடி அட்வான்டேஜ் திட்டத்துக்குப் போனாலும் பார்ட் பி கட்டணத்தைக் கட்டித்தான் ஆக வேண்டும், அதன் மேல் இர்மாவும் அப்படியே நிற்கும். மருந்துத் திட்டம் சேர்ந்த அட்வான்டேஜ் என்றால் பார்ட் டியின் இர்மாவும் கூடவே வரும். திட்டத்தின் பிரீமியம் பூஜ்யமாக இருந்தாலும் அரசுக்குக் கட்டும் கூடுதல் தொகை பூஜ்யமாகாது. அதாவது குடும்பம் வெட்ட நினைத்த இடம் ஒன்று, பணம் ஒழுகிக்கொண்டிருந்த இடம் வேறொன்று.

இர்மாவை எப்படிக் கணக்கிடுகிறார்கள்? இரண்டு ஆண்டுக்கு முந்தைய வருமான வரிக் கணக்கை வைத்து. 2025 பிரீமியத்துக்கு 2023 வருமானம். தம்பதி சேர்ந்து கணக்குத் தாக்கல் செய்தால் 2,12,000 டாலர் வரை கூடுதல் இல்லை. அதற்கு மேல் 2,66,000 வரை முதல் படி, 3,34,000 வரை இரண்டாம் படி, இப்படியே ஏறும். 2023இல் கணவர் முழு ஆண்டும் வேலையில் இருந்தார். பிடித்தங்கள் போகச் சம்பளம் 2,32,000, வட்டி டிவிடெண்ட் வகையில் 58,000, ஆக 2,90,000 டாலர். இரண்டாம் படி. கடிதத்தில் தவறே இல்லை. இப்போது இல்லாத ஒரு சம்பளத்தை வைத்துக் கணக்குப் போட்டிருக்கிறார்கள், அவ்வளவுதான்.

இதற்கு விதியிலேயே வழி இருக்கிறது. திருமணம், விவாகரத்து, வாழ்க்கைத்துணையின் மரணம், வேலையை விடுதல், வேலை நேரம் குறைதல், வருமானம் தந்த சொத்தை இழத்தல், பென்ஷன் நின்றுபோதல், முன்னாள் முதலாளியிடமிருந்து வரும் ஒரு வகை இழப்பீடு ஆகியவற்றில் ஒன்று நடந்து வருமானம் குறைந்திருந்தால், புதிய ஆண்டின் வருமானத்தை வைத்துக் கணக்கிடச் சொல்லிக் கேட்கலாம். எஸ்.எஸ்.ஏ-44 என்ற படிவம் அதற்குத்தான். ஓய்வு பெறுவது 'வேலையை விடுதல்' வகையில் வரும். கணவன் மனைவியில் ஒருவர் வேலையை விட்டாலே இருவருக்கும் பொருந்தும், ஆனால் படிவம் ஆளுக்கு ஒன்று கொடுப்பதே நல்லது.

## வருமானத்தை மறுபடி கூட்டியது

அதிக நேரம் பிடித்தது இந்தப் பகுதிதான். இர்மா கணக்கில் 'வருமானம்' என்பது வரிப் படிவத்தில் வரும் சரிக்கட்டிய மொத்த வருமானமும், அதோடு வரியில்லா வட்டியும். 2023 ஆண்டுக்கான 1040 படிவத்தில் 11ஆம் வரிசையையும் 2ஏ வரிசையையும் கூட்டினால் அந்தத் தொகை கிடைக்கும்.

இவர்களிடம் நகராட்சிப் பத்திர நிதி ஒன்று இருந்தது, ஆண்டுக்குச் சுமார் 6,000 டாலர் வட்டி. "அதற்குத்தான் வரியே கிடையாதே, இதில் சேராது" என்று வரிக் கணக்கு போடுபவர் சொல்லியிருந்தார். வரி இல்லை என்பது சரி. இர்மாவுக்கு அது சேரும். இந்தியாவில் என்.ஆர்.இ. (வெளிநாடு வாழ் இந்தியருக்கான) வைப்புத் தொகையில் 14,000 டாலர் அளவுக்கு வட்டி. அதற்கு இந்தியாவில் வரி இல்லை, அமெரிக்காவில் உண்டு, ஆகவே இதுவும் சேரும். நம் ஆட்கள் பலர் இந்த இரண்டையும் கணக்கில் விட்டுவிடுவதைப் பார்த்திருக்கிறேன்.

2024க்கான மதிப்பீடு இப்படி அமைந்தது: அரை ஆண்டுச் சம்பளம் 1,16,000, எடுக்காத விடுப்புக்குக் கடைசியில் கிடைத்த தொகை 24,000, வட்டி டிவிடெண்ட் 53,000. கூட்டினால் 1,93,000. டிசம்பரில் பரஸ்பர நிதிகள் தங்கள் மூலதன லாபத்தைப் பிரித்துத் தரும். யூனிட்டை நாம் விற்காவிட்டாலும் அது நம் வருமானம்தான். நிதி நிறுவனம் முன்கூட்டியே வெளியிட்டிருந்த மதிப்பீட்டைப் பார்த்து இன்னொரு 5,000 சேர்த்தோம். ஆக 1,98,000.

2025க்குச் சம்பளம் இல்லை. வட்டி வகையில் 58,000, ஓய்வுக்கால ஐ.ஆர்.ஏ. கணக்கிலிருந்து எடுக்கப்போவது 40,000, ஆக 98,000. இதோடு முடிந்திருந்தால் சுலபம். ஆனால் கணவரிடம் இரண்டு திட்டங்கள் இருந்தன. ஊரில் பல வருடங்களுக்கு முன் தன் பணத்தில் வாங்கிய மனையை விற்பது ஒன்று. லாபம் சுமார் 90,000 டாலர் வரும் என்று கணக்கு. ஐ.ஆர்.ஏ.விலிருந்து 80,000 டாலரை ராத் கணக்குக்கு (மாற்றும் ஆண்டிலேயே வரி கட்டிவிட்டு, பின்னால் வரியில்லாமல் எடுக்கும் ஓய்வுக்காலக் கணக்கு) மாற்றுவது இன்னொன்று.

மனை விற்ற லாபத்துக்கு இந்தியாவில் வரி கட்டினால் அமெரிக்காவில் அதற்குக் கழிவு கிடைக்குமே என்றார் அவர். கிடைக்கும். ஆனால் அந்தக் கழிவு வரியைத்தான் குறைக்கும், வருமானத்தைக் குறைக்காது. லாபம் முழுவதும் இர்மா கணக்கில் ஏறும். அதுவும் சொத்தை நாமே விற்று வரும் லாபம் மேலே சொன்ன வாழ்க்கை நிகழ்வுகளில் சேராது, ராத் மாற்றமும் சேராது. இரண்டையும் 2025லேயே செய்தால் 2,68,000 டாலர். மறுபடியும் இரண்டாம் படி. இந்தப் படிகளில் சரிவு கிடையாது. ஒரு டாலர் தாண்டினாலும் அந்தப் படிக்கான முழுத் தொகையும் ஆண்டு முழுக்க விழும்.

## எடுத்த முடிவுகள்

2024 டிசம்பருக்குள்ளேயே படிவத்தைக் கொடுப்பது என்பது முதல் முடிவு. புத்தாண்டு கழித்துப் பார்க்கலாம் என்றுதான் கணவர் நினைத்திருந்தார். ஆனால் 2024 ஜூலை முதல் டிசம்பர் வரைக்கும் அவர்கள் இர்மா கட்டியிருக்கிறார்கள். 2022 வருமானமான 2,78,000 டாலரை வைத்து ஆளுக்கு மாதம் 208 டாலர் கூடுதல்: பார்ட் பியில் 174.70, பார்ட் டியில் 33.30. 2024க்கான எல்லை 2,06,000 டாலர். அவர்களுடைய அந்த ஆண்டு மதிப்பீடோ 1,98,000. எனவே அந்த ஆறு மாதத் தொகையையும் திரும்பக் கேட்க இடமிருந்தது. அதை அந்த ஆண்டு முடிவதற்குள் கேட்பதுதான் பாதுகாப்பு. எல்லைக்கு 8,000 டாலர்தான் இடைவெளி என்பதால், டிசம்பரில் பங்கு எதையும் விற்பதில்லை, ராத் மாற்றமும் இல்லை என்று வைத்துக்கொண்டோம்.

2025 மதிப்பீட்டில் மனை லாபத்தையும் சேர்த்து 1,88,000 என்றே எழுதினோம். 98,000 என்று எழுதியிருந்தாலும் இப்போதைக்குக் கிடைக்கும் பலன் அதேதான். ஆனால் பின்னால் வரித்துறையின் கணக்கு வரும்போது சரிபார்ப்பார்கள், கூடுதலாக இருந்தால் பாக்கியைக் கேட்பார்கள். நடக்கக்கூடிய வருமானத்தைச் சொல்லிவிட்டே எல்லைக்குள் இருக்கும்போது குறைத்துச் சொல்ல என்ன அவசியம்?

ராத் மாற்றத்தை 2025 டிசம்பர் வரை தள்ளிவைத்தோம். மனை எப்போது விலை போகும் என்பது யார் கையிலும் இல்லை. ராத் மாற்றத்தை டிசம்பர் 31 வரை எந்த நாளிலும் செய்யலாம், செய்தபின் திரும்பப் பெற முடியாது. 2018 முதல் அந்த வசதியை எடுத்துவிட்டார்கள். ஆகவே கையில் இல்லாததை முதலில் நடக்கவிட்டு, கையில் இருப்பதைக் கடைசியில் வைத்துக்கொள்வதே சரியாகப் பட்டது.

அட்வான்டேஜ் வேண்டாம் என்பது குடும்பத்தில் கொஞ்சம் விவாதத்துக்குப் பிறகு எடுத்த முடிவு. மனைவிக்குக் கிளினிக்கில் ஏற்றும் மருந்து பார்ட் பியின் கீழ் வருகிறது. மெடிகேர் 80 சதவீதம் கொடுக்க, மீதி 20 சதவீதத்தைப் பிளான் ஜி கொடுத்துவிடுகிறது. காப்பீடு கொடுக்கத் தொடங்குமுன் நாமே கட்ட வேண்டிய ஆண்டுக் கழிவுத் தொகையை மட்டும் அவர் கட்டுகிறார். 2025இல் அது 257 டாலர். அட்வான்டேஜில் அந்த 20 சதவீதம் அவர் தலையில் விழலாம். திட்டத்தின் வலையமைப்புக்குள் ஒருவர் கையிலிருந்து கட்டும் தொகைக்கு அரசு வைத்த உச்சவரம்பு 2025இல் 9,350 டாலர். திட்டங்கள் இதைவிடக் குறைவாக வைக்கலாம், வைக்கவும் செய்கின்றன. ஆனாலும் விலை உயர்ந்த மருந்து ஏற்றிக்கொள்பவர் ஒவ்வொரு ஆண்டும் தன் திட்டத்தின் உச்சத்தைத் தொடும் வாய்ப்பு அதிகம். முன்அனுமதியும், அந்த மருத்துவர் வலையமைப்பில் நீடிப்பாரா என்ற கேள்வியும் இதற்கு மேல். முதல் முறை அட்வான்டேஜுக்குப் போகிறவர்கள் 12 மாதங்களுக்குள் பழைய மெடிகேப்புக்குத் திரும்ப உரிமை உண்டு. அது கழிந்தால் பெரும்பாலும் உடல்நலக் கேள்விகளைத் தாண்டித்தான் வர வேண்டும், முடக்குவாதத்தோடு அது நடக்காத காரியம். கணவர் மட்டும் போகலாமே என்றார் மகன். ஆரோக்கியமாக இருக்கும் அவருக்கு அது நியாயமான யோசனைதான், நான் மறுக்கவில்லை. 68 வயதில் இருக்கும் ஆரோக்கியத்தை நம்பிக் கதவை மூட விருப்பமில்லை என்று அவரே விட்டுவிட்டார்.

மருந்துத் திட்டத்தில் பெரிய யோசனை தேவைப்படவில்லை. மெடிகேரின் அரசு இணையதளத்தில் இருவருடைய மருந்துகளையும் தனித்தனியாக ஏற்றிப் பார்த்தோம். கணவருக்கு 38 டாலர் திட்டத்துக்குப் பதில் 9 டாலர் திட்டம் போதுமானதாக இருந்தது. மனைவியின் மாத்திரைகளுக்குப் பழைய திட்டமே மொத்தச் செலவில் குறைவாக வந்தது, அதை மாற்றவில்லை. தம்பதி என்பதற்காக ஒரே திட்டத்தில் இருக்க வேண்டிய கட்டாயம் எதுவும் இல்லை.

மெடிகேப்பை அப்போது தொடவில்லை. கலிஃபோர்னியாவில் பிறந்தநாள் விதி ஒன்று உண்டு. மெடிகேப் வைத்திருப்பவர், பிறந்தநாளில் தொடங்கும் 60 நாட்களுக்குள், அதே அளவு அல்லது அதற்குக் குறைந்த பலனுள்ள இன்னொரு மெடிகேப்புக்கு உடல்நலக் கேள்வி இல்லாமல் மாறலாம். கணவருக்கு ஏப்ரலில், மனைவிக்கு செப்டம்பரில் பிறந்தநாள். அதுவரை பொறுப்பது என்று முடிவானது.

## நடந்தது

டிசம்பர் நடுவில் இரண்டு படிவங்களையும், நிறுவனம் ஓய்வுத் தேதியைக் குறிப்பிட்டுக் கொடுத்த கடிதத்தையும், கடைசிச் சம்பளச் சீட்டையும் சோஷியல் செக்யூரிட்டி அலுவலகத்தில் நேரில் கொடுத்து, பெற்றுக்கொண்டதற்கான அத்தாட்சி வாங்கி வைத்தார்கள். மனைவியின் படிவத்தில் கையெழுத்து விட்டுப்போயிருந்ததால் அது திரும்பி வந்து மறுபடி போனது. அந்தத் தாமதத்தில் முதல் தேதிக்கான அத்தாட்சி உதவியாக இருந்தது.

ஜனவரி பில் பழைய தொகையிலேயே வந்தது. முடிவு வரும்வரை கட்டாமல் இருக்கலாமா என்று கேட்டார்கள். கட்டிவிடச் சொன்னேன். அதிகமாகக் கட்டியது திரும்பி வரும், கட்டாமல் விட்டால் காப்பீடே போய்விடக்கூடும்.

கணவருக்கு பிப்ரவரியிலும் மனைவிக்கு அதற்கடுத்த மாதத்திலும் முடிவு வந்தது. இருவருக்கும் 2025 பார்ட் பி 185 டாலர், இர்மா நீக்கம். 2024இன் ஆறு மாதங்களுக்கு ஆளுக்கு 1,248, இருவருக்குமாக 2,496 டாலரும், 2025இல் அதற்குள் கூடுதலாகக் கட்டியிருந்ததும் திரும்ப வந்தன.

ஏப்ரலில் கணவர் வேறு நிறுவனத்தின் பிளான் ஜிக்கு மாறினார்; 212 டாலர் 168 ஆனது. செப்டம்பரில் மனைவியின் 189 டாலர் 158 ஆனது, ஒரே வீட்டில் இருவர் என்பதற்கான தள்ளுபடியும் அதில் அடக்கம். பிளான் ஜி என்றால் எந்த நிறுவனத்தில் வாங்கினாலும் பலன் ஒன்றேதான், சட்டப்படி ஒரே மாதிரி வரையறுக்கப்பட்டது. வேறுபடுவது விலையும், அந்த விலையை ஆண்டுதோறும் எவ்வளவு ஏற்றுகிறார்கள் என்பதும்தான். முதல் ஆண்டு விலையை மட்டும் பார்க்காமல், கடந்த சில ஆண்டுகளில் எவ்வளவு ஏற்றியிருக்கிறார்கள் என்றும் நிறுவனத்திடம் கேட்டுக்கொண்டோம்.

பிளான் என் இன்னும் மலிவு. ஆனால் ஒவ்வொரு மருத்துவர் சந்திப்புக்கும் 20 டாலர் வரை கட்ட வேண்டும், மெடிகேர் நிர்ணயித்ததற்கு மேல் மருத்துவர் வாங்கும் கூடுதல் தொகைக்கும் அதில் பாதுகாப்பில்லை. அடிக்கடி மருத்துவரிடம் போகும் மனைவிக்கு அது ஒத்துவராது. கணவருக்கு, 2025இல் 2,870 டாலர் கழிவுத் தொகை உள்ள பிளான் ஜி வடிவத்தையும் பார்த்தோம். பிறந்தநாள் விதி கீழே இறங்கத்தான் வழி விடுகிறது, மேலே ஏற விடுவதில்லை. அதனால் அதையும் எடுக்கவில்லை.

இப்படியாக 2025 செப்டம்பர் மாற்றத்துக்குப் பின் மாதத் தொகை 757 டாலரில் நின்றது. குறைந்த 544.60 டாலரில் 440.60 இர்மா, 75 மெடிகேப், 29 மருந்துத் திட்டம். தேடியலைந்து கடை மாற்றியதில் கிடைத்தது 104 டாலர். ஒரு படிவத்தில் கிடைத்தது அதைப் போல நான்கு மடங்குக்கு மேல்.

மனை 2025இல் விற்கவில்லை. வாங்குபவர் பத்திரப்பதிவைத் தள்ளிக்கொண்டே போனார். டிசம்பரில் கூட்டிப் பார்த்தால் வருமானம் 98,000க்குள் இருந்தது. அந்த இடைவெளியில் 80,000 டாலரை ராத்துக்கு மாற்றினார்கள். 2025 வருமானத்தை வைத்து 2027 பிரீமியம் வரும். 1,78,000 அந்த எல்லைக்குக் கீழேதான் இருக்கும். 2026க்குப் புதிய கூடுதல் கடிதம் எதுவும் வரவில்லை. அந்த ஆண்டுக்கு 2024 வருமானமான 1,98,000ஐப் பார்ப்பார்கள், எல்லை 2,18,000. அடிப்படை பார்ட் பி கட்டணம் மட்டும் எல்லோருக்கும் போல 202.90 டாலராக ஏறியது.

## மாற்றிச் செய்யக்கூடியவை

ஓய்வு பெற்று பார்ட் பிக்கு விண்ணப்பித்து, முதல் இர்மா கடிதம் கைக்கு வந்த உடனேயே எஸ்.எஸ்.ஏ-44 கொடுத்திருக்கலாம். ஆகஸ்ட் கடிதத்திலேயே இந்த வழி குறிப்பிடப்பட்டிருந்தது. பல பக்கக் கடிதத்தில் அதுவரை யாரும் படிப்பதில்லை. கலிஃபோர்னியாவில் ஹைகேப் என்ற இலவச ஆலோசனைச் சேவை இருக்கிறது. மற்ற மாநிலங்களிலும் வேறு வேறு பெயர்களில் இதே ஏற்பாடு உண்டு. எந்தத் திட்டத்தையும் விற்பது அவர்கள் வேலை இல்லை என்பதால், ஓய்வு பெறுவதற்குச் சில மாதங்கள் முன்பே அங்கே போவது நல்லது.

எடுக்காத விடுப்புக்கான 24,000 டாலர் 2024இல் சேர்ந்ததால்தான் எல்லைக்கு அவ்வளவு நெருக்கமாகப் போனோம். அதை 2025 ஜனவரியில் கொடுக்க முடியுமா என்று நிறுவனத்திடம் முன்பே கேட்டுப் பார்த்திருக்கலாம். ஒப்புக்கொள்வார்களா என்பது நிறுவனத்தின் விதியைப் பொறுத்தது.

கணவரிடம் பழைய ஹெச்.எஸ்.ஏ. (மருத்துவச் செலவுக்கான வரிச்சலுகைக் கணக்கு) சேமிப்பு இருந்தது, மருந்துச் செலவுக்கென்று தொடாமல் வைத்திருந்தார். 65 வயதுக்குப் பின் பார்ட் பி, பார்ட் டி பிரீமியத்தை அதிலிருந்து வரியில்லாமல் எடுத்துக் கட்டலாம். மெடிகேப்புக்கு மட்டும் அது பொருந்தாது. பிரீமியம் இதனால் குறையாது, ஆனால் அதே தொகையை ஐ.ஆர்.ஏ.விலிருந்து எடுப்பதைத் தவிர்த்தால் வருமானம் குறையும். 2026 முதல் அப்படிச் செய்கிறார்கள்.

இந்த நிகழ்வை அப்படியே எல்லோருக்கும் பொருத்த முடியாது. குறைந்த வருமானக்காரர்களுக்கு இர்மாவே கிடையாது. அவர்கள் பார்க்க வேண்டியது, பார்ட் பி பிரீமியத்தை மாநிலமே கட்டும் மெடிகேர் சேமிப்புத் திட்டங்களையும், மருந்துச் செலவுக்கான கூடுதல் உதவியையும். பிள்ளைகள் கிரீன் கார்டில் அழைத்து வந்த பெற்றோரின் கணக்கு முற்றிலும் வேறு. ஐந்து ஆண்டுகள் தொடர்ந்து வசித்த பிறகே மெடிகேரை வாங்க முடியும்; இங்கே வேலை செய்த காலாண்டுகள் 30க்குக் குறைவு என்றால், பார்ட் ஏக்கே 2025இல் மாதம் 518 டாலர்.

## இப்போதைய நிலை

2026இல் மூன்று விஷயங்கள் ஒன்றாகச் சேர்கின்றன. மனை பதிவாகி 90,000 லாபம் வருகிறது. ஏப்ரலில் கணவருக்கு 70 வயதாகி சோஷியல் செக்யூரிட்டி தொடங்குகிறது, அதில் 85 சதவீதம் வரை வருமானத்தில் சேரும். வட்டி வழக்கம்போல. இதன் மேல் ஐ.ஆர்.ஏ.விலிருந்து 40,000 எடுத்தால் எல்லையைத் தாண்டிவிடும் போலிருந்ததால் இந்த ஆண்டு அதை எடுப்பதில்லை, ராத் மாற்றமும் இல்லை என்று வைத்திருக்கிறார்கள்.

73 வயதில் ஐ.ஆர்.ஏ.விலிருந்து கட்டாயமாக எடுக்க வேண்டிய தொகை தொடங்கும். கணவருக்கு அது 2029. அதற்குள் 2027, 2028 ஆகிய இரண்டு ஆண்டுகளில் ராத் மாற்றத்தை முடிப்பது திட்டம். இதற்கு இன்னொரு காரணமும் உண்டு. இருவரில் ஒருவர் மறைந்தால் மற்றவர் தனி ஆளாகக் கணக்குக் காட்ட வேண்டும். அப்போது எல்லை பாதியாகிவிடும், 2026 கணக்கில் 1,09,000 டாலர். துணையின் மரணம் எஸ்.எஸ்.ஏ-44இல் இடம்பெறும் நிகழ்வுதான், ஆனால் வருமானம் குறைந்தால்தான் அந்தப் படிவம் உதவும். சேமிப்பிலிருந்து வரும் வருமானம் அப்படியே நீடித்தால் பிரீமியம் ஏறும். மனைவிக்கு இந்த விவரம் தெரிந்திருக்க வேண்டும் என்று கணவர் கேட்டுக்கொண்டதால், படிவத்தின் நகலையும் ஆண்டுவாரி வருமானக் கணக்கையும் தமிழில் எழுதிய குறிப்போடு ஒரு கோப்பில் போட்டு அவரிடமே கொடுத்திருக்கிறோம். டிசம்பர் முதல் வாரத்தில் அதை எடுத்துக் கூட்டிப் பார்ப்பது இப்போது அவர் பொறுப்பு.